கூடிப் படித்தால் கரையேறலாம்

(நம் சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர், பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு இரவில் அதே கடையின் மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த சங்கத்தின் மேடையில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் முதுகலைப் படிப்பைப் பற்றிப் பேச நிற்கிறோம். இந்த வாய்ப்பைத் தந்த நிர்வாகத்தினருக்கு எங்கள் நன்றி.

மேடையில் நிற்பது ஒருவர்தான். பேசுவது ஏழு பேருக்காக. கடந்த சில ஆண்டுகளில் நம் சங்கக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு பேர் இயங்கலை வழியாக முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறோம். எங்களில் ஐவர் கடைக்காரர்கள். இருவர் வேலைக்குப் போகும் சகோதரிகள். இன்று சொல்லப் போவதை எழுவரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதினோம். அதனால் இந்த உரை முழுக்க 'நாங்கள்' என்றே வரும்.

கடையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு எப்படிப் படித்து முடித்தீர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நாங்கள் தனித்தனியாகப் படிக்கவில்லை, சேர்ந்து படித்தோம். அந்தச் சேர்க்கை எங்களை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம்.

தபாலில் தொடங்கிய கல்வி

தொலைவிலிருந்து படிப்பது புதிதல்ல. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பவர் தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்றுக் கொடுத்தார். நம் பெரியவர்களில் அலுவலக வேலை பார்த்தவர்களுக்குப் பிட்மன் சுருக்கெழுத்தைத் தெரிந்திருக்கும், அதே பிட்மன்தான். மாணவர் எழுதி அனுப்புவார், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம், அங்கே தங்கிப் படிக்காதவர்களும் தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. 1969-இல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

மலேசியாவில் இந்தக் கல்வி முதலில் வேர் பிடித்தது நம் பினாங்கில்தான். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இன்றைய அறிவியல் பல்கலைக்கழகம், 1971-லேயே வளாகத்துக்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புப் படிக்கும் திட்டத்தை ஆரம்பித்துவிட்டது. எத்தனையோ ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலையை விடாமல் அதில் பட்டம் பெற்றார்கள். அதே 1971-இல் தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பிறகு 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006-இல் நம் ஜார்ஜ்டவுனிலேயே வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. பெரியவர்கள் நார்த்தம் ரோடு என்று சொல்லும் சுல்தான் அகமது ஷா சாலையில், கடலோர மாளிகை ஒன்றில் இருக்கிறதே, அதுதான். அதன் முதல் துணைவேந்தர் கஜராஜ் தனராஜன். அதற்கு முன் அவர் காமன்வெல்த் நாடுகளின் தொலைக்கல்வி அமைப்பான காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்கின் தலைவராக இருந்தவர்.

அந்த அமைப்பு உருவாக்கிய ஒரு படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காமன்வெல்த் நிர்வாக எம்பிஏ என்ற முதுகலைப் படிப்பு அது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அதற்குப் பாடநூல்களைத் தயாரித்தன. அரசியலில் ஒன்றாக உட்கார மறுக்கும் நாடுகள்கூடப் பாடநூலுக்காக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. பிற்பாடு நம் வவாசானும் அந்தப் படிப்பை நடத்தியது.

எங்களுக்குத் திறந்த கதவு

எங்கள் எழுவரில் மூவருக்கு இளங்கலைப் பட்டம் கிடையாது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த கையோடு வாப்பாவின் கடையில் உட்கார்ந்தவர்கள். இந்தச் சபையிலும் அப்படிப் பலர் இருக்கிறீர்கள். டிப்ளோமாவோடு படிப்பு முடிந்தது, இனி பட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் முதலிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. மலேசியத் தகுதி முகமையின் கீழ் 'ஏப்பல்' என்ற முறை உண்டு. வேலையில் கற்ற அனுபவத்தையும் கல்வியாக மதிப்பிடும் முறை அது. முப்பது வயதைக் கடந்தவர், டிப்ளோமாவோ எஸ்டிபிஎம்மோ கையில் வைத்திருந்து, படிக்கப் போகும் துறையில் வேலை அனுபவமும் இருந்தால், அந்த மதிப்பீட்டில் தேறி நேராக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். கடையில் செய்த வேலைகளை ஆதாரத்தோடு ஒரு தொகுப்பேடாக எழுதிக் காட்ட வேண்டும். நிபந்தனைகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் முகமையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேரப் போகும் படிப்பு முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அதில் தேடினால் போதும்.

2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லெபோ பசாரும் சூலியா தெருவும் வெறிச்சோடிக் கிடந்தன. எங்களில் நால்வர் அந்த நாட்களில்தான் விண்ணப்பம் எழுதினார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் கைப்பேசியில் பாடம் படிக்க, பெரியவர்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்து தங்கள் அனுபவத் தொகுப்பேட்டை எழுதினார்கள்.

எட்டாவது ஆள்

ஏழு பேர் முடித்தோம் என்று சொன்னோம். எங்கள் வட்டத்தில் எட்டாவதாக ஒருவரும் இருந்தார். அவர் வேறொரு படிப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. இரண்டு பருவம் படித்தார், தேறவும் செய்தார். மூன்றாவது பருவத்தில் நின்றுவிட்டார்.

அவருக்குத் திறமை குறைவா என்றால், நிச்சயமாக இல்லை. எங்கள் எல்லோரையும்விடக் கணக்கில் கெட்டிக்காரர். சரக்குப் பட்டியலை ஒருமுறை பார்த்தால் மொத்தத் தொகையை வாயால் சொல்லிவிடுவார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு பாடம் புரியாமல் போனால் எங்களுக்குக் கூப்பிட ஆள் இருந்தது, அவருக்கு இல்லை. கட்டிய பணம் போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'படிப்பு நமக்கெல்லாம் வராது' என்று இப்போது தம் மகனிடம் சொல்கிறார். எங்களுக்கு வலிப்பது அந்த வார்த்தைதான்.

இது அவர் ஒருவரின் கதையல்ல. இணையத்தில் நடக்கும் பெரிய இலவச வகுப்புகளில் சேர்கிறவர்களில் மிகச் சிலர்தான் முடிவு வரை போகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், தனிமை அங்கேயும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று அறிஞர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். கணினி வழியாக நடக்கும் உயர்கல்வி பயன் தர வேண்டுமென்றால் மூன்று வேண்டும் என்றார்கள். ஆசிரியரின் வழிகாட்டல் ஒன்று. பாடத்தை ஆராய்ந்து பார்க்கும் சிந்தனை இன்னொன்று. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் உண்மையான மனிதர் என்ற உணர்வு மூன்றாவது. எட்டாவது சகோதரருக்குக் கிடைக்காமல் போனது அந்த மூன்றாவதுதான்.

இந்த உண்மை நம் மதரஸாக்களுக்கு எப்போதோ தெரியும். உஸ்தாது பாடம் நடத்தி முடித்த பின், மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து அதே பாடத்தைத் தங்களுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். தக்ரார் என்று அதற்குப் பெயர். ஒருவர் சொல்ல, மற்றவர் திருத்த, மூன்றாமவர் கேள்வி கேட்பார். நாங்கள் இயங்கலையில் செய்தது ஒரு வகைத் தக்ரார்தான். வட்டம் மட்டும் கைப்பேசித் திரைக்குள் இருந்தது.

வேலையைப் பங்கு போடுவதும் சேர்ந்து செய்வதும்

எங்களில் மூவர் ஒரே வகுப்பில் இருந்தோம். ஒரு பாடத்தில் ஆறு பேர் கொண்ட குழுவாக இடுபணி செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் மூவர், அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, தைப்பிங்கிலிருந்து ஒரு தாதி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொறியியலாளர். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று கலந்த குழு. சிறு வணிகம் ஒன்றில் சரக்கு நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது தலைப்பு. எங்கள் ஒருவருடைய மசாலாக் கடையையே எடுத்துக்கொண்டோம்.

குழு வேலை என்றால் ஆறு பக்கத்தை ஆறாகப் பங்கு போட்டு, கடைசி இரவில் ஒட்ட வைப்பது என்றுதான் பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் அவரவர் தம் பக்கத்தைத் தவிர வேறெதையும் கற்பதில்லை. எங்கள் குழுவில் ஆசிரியைதான் முதல் நாளே ஒரு விதி வைத்தார். யார் எந்தப் பகுதியை எழுதினாலும், இன்னொருவர் அதை வாசித்துக் கேள்வி கேட்ட பிறகுதான் அது குழுவின் எழுத்தாகும் என்றார்.

அந்தக் கேள்விகளில்தான் பாடம் இருந்தது. கொத்தமல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தால் அது எத்தனை நாள் சரக்கு என்று எங்களுக்குத் தெரியும். வாப்பாவிடம் கற்றது. இதைச் சொன்னபோது தாதி கேட்டார்: 'உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து நேற்று வந்த கடைப் பையனுக்கு எப்படித் தெரியும்?' மருத்துவமனை மருந்தகத்தில் முதலில் காலாவதியாகும் மருந்து முதலில் வெளியே போகும்படி அடுக்குவார்கள் என்று விளக்கினார். மோப்பத்தில் இருந்த அறிவை அட்டையில் தேதியாக எழுதி ஒட்டும் யோசனை அங்கே பிறந்தது.

அதே நேரம், பொறியியலாளர் எங்கள் சரக்குக் கணக்கைப் பார்த்துவிட்டு, இருப்பு மிக அதிகம், முதல் வீணாக முடங்கிக் கிடக்கிறது என்றார். தொழிற்சாலைக் கணக்குப்படி அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தை நாங்கள் விளக்கினோம். நோன்பு தொடங்குவதற்கு முன் ஏலக்காயும் பட்டையும் வாங்கி வைக்காவிட்டால் அந்த மாதத்தில் என்ன விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்பதையும், நாசி கண்டார் கடைக்காரர்களுக்கு மாதக் கடனில் சரக்குக் கொடுக்கும்போது இருப்பு ஏன் தேவை என்பதையும், கேட்டபோது சரக்கு இல்லையென்றால் அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதையும் சொன்னோம். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் எந்தச் சரக்கைப் பெருநாள் காலத்துக்காக முன்கூட்டி வாங்குவது, எதை வாரா வாரம் வாங்கினால் போதும் என்று இரண்டாகப் பிரித்தோம். அந்தப் பிரிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படியே இல்லை. அவர் அறிவும் எங்கள் அனுபவமும் மோதியதில் வந்தது. இடுபணி முடிந்த பிறகும் அந்தக் கடையில் தேதி அட்டை இன்றுவரை இருக்கிறது.

கூட்டத்தில் மறைந்துகொள்வோர்

இதையெல்லாம் கேட்டுக் குழு வேலை எப்போதும் இனிமையானது என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மன் ஒரு சோதனையை 1913-இல் வெளியிட்டார். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து பார்த்தார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்த பலத்தில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது இன்னொரு காரணம்.

பங்குத் தொழில் செய்த நமக்கு இது புதிதல்ல. பங்குதாரர்கள் ஏன் பிரிகிறார்கள்? பெரும்பாலும் லாபத்தில் தகராறு வருவதற்கு முன்பே, யார் கடை திறப்பது, யார் கணக்கு எழுதுவது என்பதைப் பேசி வைக்காததால்தான் பிரிகிறார்கள். நல்ல பங்குத் தொழிலில் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வைப்பார்கள். நாங்களும் ஒவ்வொரு குழுவிலும் முதல் வாரத்திலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டோம். யார் எதைச் செய்வது, எந்த நாளுக்குள், எந்த நேரத்தில் கூடுவது, வர முடியாதவர் எப்படித் தெரிவிப்பது, சொல்லாமல் இரண்டு முறை வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் இருக்கும்.

இன்னொரு குழுவில் ஒருவர் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. கோபப்படுவதற்கு முன் ஒருவர் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டார். அவருக்கு அந்த மாதம் இரவு வேலை. கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினோம், தவறாமல் வந்தார். வேறொரு குழுவில் ஒருவர் கடைசி வரை எதுவும் செய்யவில்லை. அவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னோம். இரண்டும் தேவைதான். முதலில் விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகும் சரியாகாவிட்டால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சகோதரிக்கு வேறு விதமான சங்கடம். இரவுக் கூட்டத்தில் கேமராவைத் திறந்து வைக்க அவருக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். குழு ஏற்றுக்கொண்டது. முகம் தெரியாவிட்டாலும், எல்லோரையும்விடத் தயாராக வந்தவர் அவர்தான் என்பது அவர் குரலிலேயே தெரியும்.

எங்களுக்குள் மாறியவை

சேர்ந்து படித்ததில் சான்றிதழ் கிடைத்தது. அதைவிட எங்களுக்குள் ஏற்பட்ட மாற்றங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, திருத்தத்தை ஏற்கும் பழக்கம். கடையில் முதலாளியை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். வயதில் சிறிய ஒரு பெண் எங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டபோது முதலில் முகம் சுருங்கியது உண்மை. போகப் போக, கேள்வி கேட்பவர் நம்மைக் குறைத்துப் பேசவில்லை, நம் வேலையைக் கவனித்துப் படித்திருக்கிறார் என்பது புரிந்தது. இப்போது கடைப் பையன்களிடமும் 'இதில் என்ன குறை?' என்று கேட்கிறோம். சொல்கிறார்கள். சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கிறது.

இரண்டாவது, மொழி. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம். கடையில் மலாய், கொஞ்சம் ஹொக்கியன். படிப்போ ஆங்கிலத்தில். முதல் பருவத்தில் ஒரு கட்டுரையை மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறாது. அப்போது ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு சொல்லையும் கடையில் பேசும் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பது. 'ஒர்க்கிங் கேப்பிட்டல்' என்பதை 'கையில் சுற்றும் முதல்' என்று சொன்னவுடன் அது எங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. கடைத் தமிழில் சொல்ல முடியாததை நாங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றே எடுத்துக்கொண்டோம். தமிழில் புரிந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது அதற்குப் பிறகு அவ்வளவு கடினமாக இல்லை.

மூன்றாவது, வேற்று மனிதர்களோடு பழகும் விதம். கடையில் எல்லா இனத்தாரையும் பார்க்கிறோம். ஆனால் அங்கே அவர்கள் வாடிக்கையாளர்கள், பேச்சு விலையோடு முடிந்துவிடும். குழுவில் ஒரே வேலைக்கு எல்லோரும் பொறுப்பு. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடியட்டும் என்று எங்களுக்காகச் சீனச் சகோதரர் கூட்டத்தை இரவு பத்தரைக்குத் தள்ளி வைத்தார். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் அவர் பகுதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். படிப்பு முடிந்தும் அந்த வாட்ஸ்அப் குழு கலையவில்லை.

நான்காவது, பிள்ளைகள். வாப்பா மேசையில் உட்கார்ந்து படிப்பதையும், உம்மா மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். படி படி என்று நாங்கள் சொல்லும் பேச்சு வீட்டில் குறைந்திருக்கிறது.

விலையும் உண்டு

கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், வாரத்தில் நான்கைந்து இரவுகள் இரண்டு மணி நேரமாவது போகும். கல்யாண வீடுகளுக்குத் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் தாயார் நோயில் படுத்தபோது ஒரு பருவத்தைத் தள்ளி வைத்தார். திரும்பி வந்தபோது, விட்ட பாடங்களின் குறிப்புகளைக் குழுவினர் எழுதி வைத்திருந்தார்கள். கணவரோ மனைவியோ ஒத்துழைக்காமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாது. எங்கள் பெயரில் வந்த சான்றிதழ்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேள்வியைக் கொடுத்தால் கட்டுரை வந்து விழுகிறது. பணம் வாங்கிக்கொண்டு இடுபணி எழுதித் தருவோரும் இருக்கிறார்கள். கூடிப் படிப்பது வேறு, அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்குவது வேறு. குழு ஒருவரை நம்பி ஒரு பகுதியைக் கொடுக்கிறது என்றால் அது அமானிதம். எழுதியவரே விளக்கிச் சொல்ல முடியாத எதையும் எங்கள் குழுக்கள் ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் வாய்விட்டு விளக்கச் சொன்னால் போதும், யார் எழுதியது என்பது தெரிந்துவிடும்.

சங்கத்திடம் எங்கள் கோரிக்கை

நம் சமூகம் இந்த ஊரில் எதையும் தனியாகச் செய்ததில்லை. 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்ததிலிருந்து, பள்ளிவாசல், மதரஸா, மையத்துக் காரியம், ஊருக்குப் பணம் அனுப்புவது என்று எல்லாமே கூடித்தான் நடந்தது. ஆனால் உயர்கல்வியை மட்டும் அவரவர் வீட்டு விவகாரமாக விட்டுவிட்டோம். பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுத்தால் மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். அது நல்ல காரியம். பாதியில் நிற்கப் போகிறவர் யார் என்பது பரிசளிப்பு விழாவில் தெரிவதில்லை. அவருக்கு உதவ நான்கு காரியங்களைச் செய்யும்படி கேட்கிறோம்.

ஒன்று, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை வாரத்தில் இரண்டு நாள், இஷா தொழுகைக்குப் பின், படிப்போருக்குத் திறந்து வையுங்கள். ஒரு மேசையும் நல்ல இணைய இணைப்பும் போதும். அவரவர் வேறு வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஒரே அறையில் உட்கார்ந்து படிப்பதே பெரிய பலம்.

இரண்டு, சகோதரிகளுக்குப் பகல் நேரத்தில் தனியாக ஒரு வட்டம் வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் தாய்மார்கள் சிலர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று, வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு கல்வி நிதி. முதல் பருவக் கட்டணத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவருக்குப் போகட்டும். இந்த நிதிக்கு முதல் தொகையை நாங்கள் எழுவரும் சேர்ந்து தருகிறோம்.

நான்கு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே முடித்த ஒருவர் ஓராண்டு துணையாக இருக்க வேண்டும். பாடம் நடத்த வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் கைப்பேசியை எடுத்தால் போதும். எங்கள் ஏழு பேரின் பெயரையும் அந்தப் பட்டியலில் இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறை திறந்தால், முதல் நாற்காலி எட்டாவது சகோதரருக்கு. அவரிடம் பேசியிருக்கிறோம். ஏற்கெனவே தேறிய பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொடர வழியிருக்கிறதா என்று அவருக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டிப்ளோமாவோடு நின்றுவிட்ட தம்பிமார்களே, பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்ட சகோதரிகளே, நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் எங்கள் எழுவரில் ஒருவராவது நிற்போம். ஏப்பல் பற்றியோ கட்டணம் பற்றியோ எதுவும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. சேருவதென்று முடிவு செய்தால் தனியாகச் சேராதீர்கள், ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்தச் சங்கத்தை உருவாக்கி மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. நம்மிடையே ஒற்றுமையை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.